ரேஸுக்கு மாற்றிய பழைய எம்ஜிபி வாங்குவது: வண்டிக்கு முன்னால் விதிப்புத்தகம்

உங்கள் கேள்வி இதுதான். இங்கிலாந்தில் இருக்கிறீர்கள். கிளாசிக் ரேஸுக்காக மாற்றிய 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி கம்பெனியின் கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் ‘எஃப்ஐஏ ஸ்பெக், குட்வுட் ஓடத் தகுதி உண்டு, சாலைப் பதிவும் உண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு நாலைந்து ரேஸ் ஓட வேண்டும், வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு ஒரு சுற்றும் போய் வர வேண்டும். இந்த வண்டியை வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எம்ஜிபி நல்ல தேர்வுதான். 1962 முதல் 1980 வரை அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உதிரிபாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. இதில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். அதே பணத்துக்கு வரும் வேறு வண்டிகளைவிட இதில் ஓட்டும் நேரம் அதிகம், காத்திருக்கும் நேரம் குறைவு. ஆனால் இந்த ஒரு வண்டி வாங்கத் தக்கதா என்பதற்கு, வண்டியைப் பார்க்காமலேயே நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்த ரேஸில் ஓடப் போகிறீர்கள்?

‘ரேஸ் கார்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு ரேஸ் காரும் ஏதோ ஒரு விதிப்புத்தகத்துக்காகக் கட்டப்பட்டது. விற்பவர் எந்தப் புத்தகத்தை வைத்துக் கட்டினாரோ, அந்தப் போட்டிக்கு வண்டி பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்த வைக்கப் பணம் செலவாகும், சில சமயம் வாங்கிய விலையில் பாதி.

எம்ஜிபிக்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய மூன்று வழி இருக்கிறது. முதலாவது, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ பழைய கார்களுக்கு வைத்திருக்கும் ‘அப்பெண்டிக்ஸ் கே’ விதிப்படி ஓடும் போட்டிகள். அந்தக் காலத்தில் அந்த மாடலுக்கு எது அனுமதிக்கப்பட்டதோ அது மட்டும்தான் வண்டியில் இருக்கலாம். பழைய கார்களின் பெரிய ரேஸ் விழாக்களான குட்வுட் ரிவைவல், லெ மான் கிளாசிக் எல்லாம் இந்தப் பக்கம். எம்ஜிபிகள் நிறைய ஓடும் எக்கிப் ஜிடிஎஸ் தொடரும் இதே வகைதான். இரண்டாவது, கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் ‘ஸ்விங்கிங் சிக்ஸ்டீஸ்’ போன்றவை. விதி தளர்வானது. 40 நிமிட ரேஸ், நடுவில் ஒரு கட்டாயப் பிட் ஸ்டாப். நண்பர் ஒருவரோடு செலவைப் பகிர்ந்து ஓடலாம். மூன்றாவது, எம்ஜி கார் கிளப் நடத்தும் பிசிவி8 தொடர். எம்ஜிபிக்கும் அதன் உறவு மாடல்களான எம்ஜிசி, வி8 வண்டிகளுக்கும் மட்டுமே ஆனது. கிட்டத்தட்ட ஷோரூம் நிலையில் உள்ள வண்டி முதல் ஏகத்துக்கும் மாற்றிய வண்டி வரை தனித்தனிப் பிரிவு உண்டு.

இவற்றுக்கிடையே வண்டி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எம்ஜிபியின் எஞ்சின் 1798 சிசி. சிலிண்டர் துளையை (போர்) பெரிதாக்கி 1950 சிசி ஆக்குவது சாதாரணமாகச் செய்கிற வேலை, சாலை வண்டிக்கும் கிளப் ரேஸுக்கும் அருமையான எஞ்சின். எஃப்ஐஏ போட்டியில் அது செல்லாது. பழைய நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஃபோர்டின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவதும் அப்படித்தான். ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். எம்ஜிபியில் இருப்பது பழைய லீவர் ஆர்ம் வகை. முன்பக்கம் அந்த லீவரே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. பலர் அதைத் தூக்கிவிட்டு டெலஸ்கோபிக் ஷாக் போட்டுவிடுகிறார்கள். ஓட்ட நன்றாக இருக்கும், ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியரிடம் போகும்போது தெரியும் சேதி. டயரும் அதே கதை. 1966-க்கு முந்தைய எஃப்ஐஏ வண்டிக்கு டன்லப்பின் பழைய மாதிரி ரேஸிங் டயர், தளர்வான தொடர்களில் தரையைப் பற்றிக்கொள்ளும் இன்றைய ஒட்டு டயர். ஒட்டு டயருக்காக இறுக்கி அமைத்த வண்டியில் டன்லப்பை மாட்டினால் வளைவில் வழுக்கிக்கொண்டே போகும். சஸ்பென்ஷனை முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும்.

அதனால் முதலில் ஒரு வார இறுதியில் டொனிங்டன், சில்வர்ஸ்டோன் போன்ற ரேஸ் ட்ராக் ஒன்றுக்குப் போய், நீங்கள் ஓட நினைக்கும் தொடரை நேரில் பாருங்கள். வண்டிகளை நிறுத்தித் தயார்செய்யும் பேடக்கில் நடந்து போய் எம்ஜிபிகாரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். தன் வண்டியைப் பற்றிப் பேசச் சொன்னால் மறுக்கும் ரேஸ்காரர் யாரும் இல்லை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் வரலாறு அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும். இது சின்ன உலகம்.

இப்போது 1965 என்ற வருடத்துக்கு வருவோம். விற்பவர் அதை ஏன் பெரிதாகப் போட்டிருக்கிறார்? அப்பெண்டிக்ஸ் கே கணக்கில் 1962 முதல் 1965 முடிய உள்ள வண்டிகள் ‘எஃப்’ காலகட்டம். நல்ல போட்டிகள் பலவும் 1966-க்கு முந்தைய வண்டிகளுக்கு என்றே நடக்கின்றன. எம்ஜிபி எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டை முதலில் மூன்று மெயின் பேரிங் தாங்கியது. 1964 கடைசியில் வந்த 18ஜிபி எஞ்சினில் அது ஐந்தானது. ஐந்து பேரிங் கிராங்க் அதிக ஆர்பிஎம்மில் வளையாமல் நிற்கும். ஆகவே 1965 வண்டி என்றால் காலகட்டமும் சரி, ஐந்து பேரிங் எஞ்சினும் நியாயமாகவே உரியது. அந்த வருட ஆரம்ப மாதங்கள் வரை வந்தவற்றில் கதவின் வெளிக் கைப்பிடி இழுக்கும் வகை, அப்புறம் பொத்தான் அழுத்தும் வகை. இழுக்கும் கைப்பிடி வண்டிக்கு விற்பனையில் கூடுதல் மதிப்பு சொல்வார்கள். ரேஸில் ஒரு நொடிகூட மிச்சமாகாது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

சேஸி எண்ணைப் பாருங்கள். ஆரம்பகால ரோட்ஸ்டருக்கு ஜிஹெச்என்3 என்று தொடங்கும். அந்த 3-ஐ அடுத்து ‘எல்’ இருந்தால் இடது ஸ்டியரிங் வண்டியாகப் பிறந்தது என்று பொருள். எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது. அங்கே வறண்ட மாநிலங்களில் துருப்பிடிக்காமல் இருந்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வலது ஸ்டியரிங் ஆக்கியிருப்பார்கள். அதில் தப்பில்லை, சொல்லப்போனால் பாடிக்கு நல்லது. ஆனால் விற்பவர் சொல்லும் கதையும் எண் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்க வேண்டும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. வண்டி எந்தத் தேதியில் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று அதில் இருக்கும். விற்பவரிடம் இல்லையென்றால் நீங்களே பணம் கட்டி வாங்குங்கள், பெரிய தொகை இல்லை. 1966 ஜனவரியில் கட்டிய வண்டியை 1965 என்று விற்பதும் நடக்கிறது. தாமதமாகப் பதிவான வண்டி, முன்தேதியிட்ட வண்டி என்று ரகரகமாக உண்டு.

யாராவது ‘இது அந்தக் காலத்து வொர்க்ஸ் டீம் வண்டி’, அதாவது கம்பெனியே ரேஸில் இறக்கிய வண்டி என்று ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பதிவெண் என்ன என்று மட்டும் கேளுங்கள். எம்ஜியின் வொர்க்ஸ் வண்டிகள் கொஞ்சம்தான், அவற்றின் பதிவெண்கள் ஊரறிந்தவை. 1963 லெ மானில் பேடி ஹாப்கிர்க்கும் ஆலன் ஹட்சசனும் ஓட்டி 12-வதாக வந்த, மூக்கு சரிந்த வண்டி 7 டிபிஎல். ஆரம்பத்திலேயே ஹட்சசன் மல்சான் வளைவு மணலில் அதைப் புதைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கையால் தோண்டி எடுத்தார். அப்படியும் அந்த இடம். 1965-ல் ஹாப்கிர்க்கும் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் 11-வதாக வந்த வண்டி டிஆர்எக்ஸ் 255சி. இந்த மூக்கை ஃபைபரில் செய்து யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அழகாக இருக்கிறது என்று வாங்குங்கள், வரலாறு என்று நினைத்து வாங்காதீர்கள்.

அடுத்தது காகிதம். விளம்பரத்தில் ‘எஃப்ஐஏ ஸ்பெக்’ என்று இருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ‘ஹெச்டிபி இருக்கிறது’ என்றால்தான் பொருள் உண்டு. ஹெச்டிபி என்பது எஃப்ஐஏ வழங்கும் ஹிஸ்டாரிக் டெக்னிகல் பாஸ்போர்ட். வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று பாகம் பாகமாக, படத்தோடு எழுதியிருக்கும். இங்கிலாந்தில் மோட்டார்ஸ்போர்ட் யூகே மூலம் பெற வேண்டும். பத்து வருடம் செல்லும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது என்றால், புதுப்பிக்கிற செலவும் அலைச்சலும் உங்கள் தலையில். புதுப்பிக்கும்போது விதிகள் இறுகியிருந்தால் சில பாகங்களை மாற்றவும் வேண்டிவரும். அப்புறம் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். படத்தில் உள்ள சக்கரம்தானா, கார்புரேட்டர் அதுதானா, ரோல் கேஜின் குழாய்கள் அதே இடத்தில் இறங்குகின்றனவா, பின் ஆக்சில் அதே வகையா? பாஸ்போர்ட் வாங்கிய பிறகு முந்தைய உரிமையாளர் ஆசைப்பட்டு மாற்றியது ஒவ்வொன்றும் இங்கே தெரியவரும்.

இன்னொன்று. ஹெச்டிபி வண்டியின் இன்றைய அமைப்பு விதிக்குப் பொருந்துகிறது என்று மட்டும் சொல்கிறது. வண்டி அசல்தானா, 1965-ல் ரேஸ் ஓடியதா என்பதற்கு அது சாட்சி இல்லை. விற்பவர்கள் வேண்டுமென்றே இரண்டையும் குழப்புவார்கள்.

குட்வுட் விஷயமும் இப்படித்தான். குட்வுட் ரிவைவலுக்கு நீங்கள் பெயர் கொடுத்துப் பணம் கட்டிவிட்டுப் போக முடியாது. அவர்கள் அழைக்க வேண்டும். எம்ஜிபி அபூர்வமான வண்டியும் இல்லை, நீங்கள் பெயர் பெற்ற ஓட்டுநரும் இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஓடத் தகுதி உண்டு’ என்பது ‘அழைப்பு வரும்’ என்பதாகாது. அந்த வரிக்காகச் சேர்த்த விலையைப் பேரத்தில் அப்படியே கழித்துவிடுங்கள்.

இனி வண்டியைத் தொட்டுப் பார்ப்போம். பாடியிலிருந்து ஆரம்பியுங்கள், எஞ்சினிலிருந்து வேண்டாம். எஞ்சினைக் கழற்றி ஒரு குளிர்காலத்தில் புதிதாகச் செய்து மாட்டிவிடலாம். பாடி கெட்டிருந்தால் ரோல் கேஜ், வயரிங், பெயின்ட் என்று முழு வண்டியையும் பிரித்தாக வேண்டும்.

எம்ஜிபியில் தனி சேஸி கிடையாது, மோனோகாக். மேல்கூரை இல்லாத ரோட்ஸ்டரில் வண்டியின் விறைப்பு முழுவதும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை நம்பித்தான் இருக்கிறது. வெளிச் சில், உள் சில், நடுவில் ஒரு தகடு, கீழே மூடும் ‘கேஸில் செக்‌ஷன்’ என்று நாலு அடுக்கு. வெளிச் சில் மட்டும் புதிதாக வெல்டிங் செய்து, உள்ளே துருவை அப்படியே விட்ட வண்டிகள் ஏராளம். கதவின் இடைவெளியைப் பாருங்கள். வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். தரையில் இருந்தபோது நன்றாக மூடிய கதவு இப்போது இடித்தால் சில் வேலை செய்யவில்லை என்று பொருள். ரோல் கேஜ் போட்ட வண்டியில் இந்தச் சோதனை கொஞ்சம் ஏமாற்றும், கேஜ் விறைப்பைத் தந்துவிடும். அதனால் கீழே படுத்துப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், தரைத் தகடு சில்லோடு சேரும் ஓரம், முன் ஃபெண்டரின் அடிப்பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்க உள் ஃபெண்டரில் உள்ள பெட்டிப் பகுதிகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு காந்தம் பையில் இருக்கட்டும். பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது. ஆனால் ஆரம்பகால வண்டிகளில் போனெட் அலுமினியம், ரேஸ் வண்டியில் கதவும் டிக்கி மூடியும்கூட அலுமினியமாக இருக்கலாம். அங்கே காந்தம் ஒட்டவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் எம்ஜிபிக்கு முழுப் பாடி ஷெல் புதிதாகச் செய்து விற்கிறது. நல்ல ரேஸ் எம்ஜிபிகள் பலவும் அந்த ஷெல்லில் கட்டியவைதான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நூறு மைல் வேகத்தில் சுவரில் மோத நேர்ந்தால், அறுபது வருடத் துருவைவிடப் புது ஷெல்லில் இருக்கத்தான் விரும்புவேன். ஆனால் ஷெல் வாங்கிய ரசீது கண்டிப்பாக இருக்க வேண்டும். நாளை பதிவு விஷயத்தில் டிவிஎல்ஏ (வண்டிப் பதிவு அலுவலகம்) கேள்வி கேட்டால் அதுதான் கைகொடுக்கும். விலையும் அதற்கேற்ப. ‘அசல் பாடி’ என்று சொல்லி ஹெரிடேஜ் ஷெல்லை விற்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். அதில் பொய் சொன்னவர் எஞ்சினிலும் சொல்லியிருப்பார்.

விபத்துத் தடயத்தையும் தேடுங்கள். ரேஸ் வண்டி என்றால் எங்காவது முட்டியிருக்கும், அது குற்றமில்லை. எப்படிச் சரிசெய்தார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ரோல் கேஜின் கால்கள் தரைத் தகட்டில் நேரடியாக நிற்கின்றனவா, அகலமான தடித்த தகடு வைத்து அதன்மேல் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்தபோது உங்கள் தலை மேல் குழாய்க்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர் என்றால் பல எம்ஜிபிகள் இந்த ஒரு காரணத்தாலேயே உங்களுக்கு ஆகாது. கேஜை மாற்றினால் பாஸ்போர்ட்டையும் திருத்த வேண்டிவரும்.

எஞ்சினுக்கு வருவோம். சாலை வண்டியில் 95 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட எஞ்சின் இது. சரியாகக் கட்டிய எஃப்ஐஏ எஞ்சின் 150-ஐ ஒட்டி வரும். இதைச் செய்வது எளிதல்ல, ஏனென்றால் இதன் ஹெட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் வழிகள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் இரண்டு எஸ்யூ கார்புரேட்டருக்குப் பதில் இரட்டைத் தொண்டை வெபர் 45 ஒன்றைப் போட்டு, ஒரு தொண்டைக்கு ஒரு வாயில் என்று விடுகிறார்கள். மிச்சமெல்லாம் ஹெட் வேலையிலும் கேம் ஷாஃப்ட்டிலும் கம்ப்ரஷனிலும் இருக்கிறது. ஆகவே ஒருவர் 180 குதிரைத்திறன் என்று சொன்னால் நான் மகிழ மாட்டேன். எஞ்சின் பெரிதாக்கப்பட்டிருக்கலாம், அல்லது எண் பெரிதாக்கப்பட்டிருக்கலாம்.

கேட்க வேண்டியவை: யார் கட்டினார், எப்போது, அதன்பின் எத்தனை மணி நேரம் ஓடியது? ரேஸ் எஞ்சினுக்கு மைல் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். கட்டியவரின் ரசீதும், எஞ்சின் சக்தியை அளந்த டைனோ தாளும் வேண்டும். கிராங்க்கும் கனெக்டிங் ராடும் பழையவையா, ஸ்டீலில் புதிதாகச் செய்தவையா என்று ரசீதில் தெரியும். போர் அளவும் அதில் இருக்கும், அதை வைத்து சிசி விதிக்குள் நிற்கிறதா என்று நீங்களே கணக்குப் போடலாம். ‘புது எஞ்சின், ரசீது தொலைந்துவிட்டது’ என்றால், மறுபடி கட்ட வேண்டிய எஞ்சின் என்று வைத்து விலை பேசுங்கள். அந்தச் செலவு பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் போவது சகஜம்.

ரேஸுக்கான டேக்கோமீட்டர் சிலவற்றில் இரண்டாவது முள் ஒன்று இருக்கும். எஞ்சின் எட்டிய அதிகபட்ச ஆர்பிஎம்மில் அது அப்படியே நின்றுவிடும். விற்பவர் 7000-க்கு மேல் போனதே இல்லை என்று சொல்லும்போது அதை ஒரு பார்வை பாருங்கள். சூடான எஞ்சினில் லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்ய அனுமதி கேளுங்கள். நாலு சிலிண்டரும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்: எக்ஸாஸ்டில் சத்தம் வந்தால் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். நடு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு அருகில் இந்த ஹெட்டுகளில் விரிசல் விடும். தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது என்றால் அதுவாக இருக்கலாம். ஓட்டி முடித்த சூட்டில், ஆர்பிஎம் ஏற்றினால் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்க வேண்டும்.

எஞ்சின் உடைந்தால் பணம் போகும். அச்சு உடைந்தால் சக்கரம் கழன்று போகும். வாங்குபவர்கள் முதல் அரை மணி நேரத்தை எஞ்சினில் செலவழித்துவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ரேஸ் டயரும் வளைவின் பாரமும் சேர்ந்து எம்ஜிபியின் ஸ்டப் ஆக்சிலில் விரிசல் விழ வைக்கும். கண்ணுக்குத் தெரியாது. கழற்றி, கிராக் டெஸ்ட் செய்தால்தான் தெரியும். கடைசியாக எப்போது செய்தார்கள், தாள் எங்கே என்று கேளுங்கள். பின்பக்கம் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட்டும் அப்படித்தான். 1965 ரோட்ஸ்டரில் இருப்பது பாஞ்சோ வகை ஆக்சில், ரோட்ஸ்டருக்கு 1967 வரை அதுதான். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் ஒட்டு டயரும் சேர்ந்தால் பழைய ஹாஃப் ஷாஃப்ட் பற்களின் வேரில் முறியும். ரேஸுக்கென்று செய்த பலமான ஷாஃப்ட் போட்டிருக்க வேண்டும். ஸ்போக் வீல் வண்டி என்றால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, தூக்கி நிறுத்திய சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்றால் ஹப் பற்கள் தேய்ந்துவிட்டன. கியர் பெட்டியில் நேர்வெட்டுப் பற்கள் இருந்தால் ஊளைச் சத்தம் வருவது இயல்பு, அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கியரிலிருந்து தானாக வெளியே குதித்தால் பயப்படுங்கள்.

பாதுகாப்புச் சாமான்கள் பார்க்கப் புதிதாக இருக்கும், தேதி முடிந்திருக்கும். எஃப்ஐஏ தரம் பெற்ற ரேஸ் இருக்கைகளில் பரவலாக உள்ள 8855-1999 வகை, செய்த தேதியிலிருந்து ஐந்து வருடம். பெல்ட்டுக்கும் இப்படிக் காலாவதித் தேதி உண்டு. எஃப்டி3 வகை எரிபொருள் பை ஐந்து வருடம், தயாரித்தவர் சோதித்துச் சான்று தந்தால் கூடுதலாக இரண்டு. தீயணைப்பான் இரண்டு வருடத்துக்கு ஒரு சர்வீஸ். கிளப் அளவுப் போட்டிகளில் சில தளர்வுகள் இருக்கும், அந்த வருட விதியைப் பாருங்கள். இந்த நாலும் ஒரே சமயத்தில் காலாவதியானால் சில ஆயிரம் பவுண்டு ஆகிவிடும். நிறையப் பேர் சரியாக அந்த நேரத்தில்தான் வண்டியை விற்பனைக்குப் போடுகிறார்கள். எரிபொருள் பைக்குள் இருக்கும் பஞ்சு எத்தனால் கலந்த பெட்ரோலில் நாளடைவில் பொடிந்து, கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். ஃபில்டரைத் திறந்து கறுப்புத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனைவியோடு ஞாயிறு சுற்றுக்கு வருகிறேன். சட்டப்படி தடையில்லை. நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. கடந்த முப்பது வருடத்தில் அடிப்படையாக மாற்றாத வண்டிக்கு வருடாந்திர எம்ஓடி தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஹிஸ்டாரிக் வரிப் பிரிவில் இருந்தால் லண்டனில் புகை மாசுக்காக வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. ஆனால் ஓட்டிப் பாருங்கள். சாதாரண எம்ஜிபியின் டிஃபரன்ஷியல் விகிதம் 3.909. ரேஸுக்கு 4.55 போட்டிருந்தால், டாப் கியரில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 4500 ஆர்பிஎம்மில் கத்தும். டாப் கியரில் ஆர்பிஎம்மைக் குறைக்கும் ஓவர்டிரைவ் ரேஸ் வண்டியில் பெரும்பாலும் இருக்காது. கேம் ஷாஃப்ட் 3000-க்குக் கீழே வேலை செய்யாது, டிராஃபிக்கில் பிளக் நனைந்து நிற்கும். சீட் மாவுக் கட்டு போட்டதுபோல் பிடிக்கும், கேஜ் குழாய் ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் மனைவி ஒரு தடவை வருவார். என் அபிப்பிராயம், இரண்டையும் ஒரே வண்டியில் தேடாதீர்கள். ரேஸுக்கு ரேஸ் வண்டியை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஓவர்டிரைவ் உள்ள, கூரை போட்ட சாதாரண எம்ஜிபி ஜிடி ஒன்று பிற்பாடு கிடைக்கும், அதில் வீட்டாரும் நிம்மதியாக வருவார்கள். சாலைப் பதிவு இருப்பது மதிப்புதான், ஆவணத்தைப் பத்திரமாக வையுங்கள், அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம். இன்ஷூரன்ஸும் தனி. சாலைப் பாலிசி ட்ராக்கில் செல்லாது. வண்டி கராஜில் இருக்கும்போதும் டிரெய்லரில் போகும்போதும் காக்கும் பாலிசி ஒன்று, ட்ராக்கில் மோதினால் கொடுக்கும் பாலிசி இன்னொன்று. இரண்டாவதன் விலையைக் கேட்டபின் பலர் அது இல்லாமலே ஓடுகிறார்கள்.

விலை பற்றி ஒரு பேச்சு. சாலை வண்டி ஒன்றை மலிவாக வாங்கி நானே ரேஸுக்குக் கட்டிக்கொள்கிறேன் என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். ஷெல், கேஜ், எஞ்சின், கியர் செட், ஆக்சில், பெயின்ட், பாஸ்போர்ட் என்று கூட்டிப் பாருங்கள். கட்டி முடித்து விற்பவர் போட்ட பணத்தில் பெரிய பகுதி திரும்பி வருவதில்லை. அந்த நஷ்டம் அவருடையதாக இருக்கட்டும், முடிந்த வண்டியையே வாங்குங்கள். அதிலும், போன சீசன் முழுக்க ஓடி, எல்லா ரேஸையும் முடித்த வண்டி எனக்குப் பிடிக்கும். போட்டி முடிவுகள் பொதுவில் இருக்கின்றன, வண்டி எத்தனை தடவை பாதியில் நின்றது என்று நீங்களே எண்ணலாம். பளபளவென்று புதிதாகக் கட்டி ஒரு ரேஸும் ஓடாத வண்டியின் முதல் வருடக் கோளாறுகளையெல்லாம் நீங்கள்தான் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டியிருக்கும். விலையில் இறங்கி வராதவரிடம் உதிரிபாகத்தைக் கேளுங்கள்: இன்னொரு செட் சக்கரம், வேறு விகித டிஃபரன்ஷியல், உதிரி ஹாஃப் ஷாஃப்ட். பணத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள் ஷெட்டில் கிடப்பதைச் சுலபமாகத் தருவார்கள்.

பேச்சு முடிந்ததும் டெபாசிட் கொடுப்பதற்கு முன்னால், ஒரு டெஸ்ட் டேயில் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மாலரி பார்க், காசில் கூம் போன்ற இடங்களில் அதற்கான நாட்கள் உண்டு. கட்டணம் உங்களுடையது, முதலில் விற்பவர் ஓட்டட்டும், நீங்கள் பிட்டில் நின்று பாருங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது நீலப்புகை வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா? திரும்பி வந்ததும் கீழே ஒரு அட்டையை விரித்து எது சொட்டுகிறது என்று பாருங்கள். சொட்டாத எம்ஜிபி இல்லை, பின் சக்கரத்து உள்பக்கம் ஆயில் தெறித்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். இந்த மாடலில் ரேஸ் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அன்று கூட்டிப் போங்கள். விற்பவருக்குத் தெரிந்தவராக இல்லாமல் இருப்பது நல்லது.

லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை இப்போதே ஆரம்பியுங்கள். ஏஆர்டிஎஸ் (ARDS) என்ற ரேஸ் ஓட்டுநர் தேர்வு உண்டு, எழுத்தும் ட்ராக்கில் ஓட்டிக் காட்டுவதும் சேர்ந்தது. தேறிய பிறகும் கொஞ்ச காலம், மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் பெருக்கல் குறியை வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். விளம்பரத்தில் உள்ள சேஸி எண்ணும், பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும், எஞ்சின் ரசீதும் கையில் வந்தால் அவற்றை எழுதுங்கள், இந்த வண்டியைப் பற்றிக் குறிப்பாகச் சொல்கிறேன்.